காப்புக் கட்டின கேரவன்

ஜெயபாண்டி சபதம் போட்டாரு. கோயில்ல இல்லை, குளத்தங்கரையில இல்லை. சாப்பாட்டு மேசையில. ஒரு கையில பாதித் தோசைய வச்சுக்கிட்டு, இன்னொரு கையால மேசைய ஓங்கித் தட்டினாரு. சட்னிக் கிண்ணம் துள்ளிக் கீழ விழுந்துச்சு.

"இந்தா செல்வி, நல்லாக் கேட்டுக்க. மாசி மாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமை நம்ம வண்டி வடக்க கிளம்புது. எவன் குறுக்க வந்து கையக் காட்டினாலும் நிக்காது!"

வீட்டுக்காரி பாண்டிச்செல்வி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்துச்சு.

"நீங்க பஸ்ஸு ஓட்டுனப்பவும் கையக் காட்டினா நிக்க மாட்டீகளே. அந்தக் கிண்ணத்த எடுத்து வச்சுட்டுப் பேசுங்க."

ஜெயபாண்டி கிண்ணத்த எடுத்து வச்சாரு. அப்படியே தரையையும் தொடச்சாரு. சபதம் போட்டவன் தரை தொடைக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே.

மனுசன் அரசு பஸ்ஸு டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு. முப்பத்தோரு வருசம் ஒரே ரூட்டு, மதுரை டு பேரையூரு. அவரு ஓட்டின தூரத்த நீட்டிப் போட்டிருந்தா நிலாவுக்கே போயிட்டு வந்திருக்கலாம். மடக்கி மடக்கிப் போட்டதுல பேரையூரத் தாண்டல. ஒவ்வொரு தடவையும் அந்தப் பஸ் ஸ்டாண்டுல வண்டியத் திருப்புறப்ப, "ஒரு நாளைக்குத் திரும்பாமப் போகப் போறேன் பாரு"ன்னு ஸ்டீரிங்குகிட்டச் சொல்லுவாராம். ஸ்டீரிங்கும் எம்புட்டுத்தான் கேக்கும்.

அதுக்குத்தான் ரிட்டயர் ஆன கையோட ஒரு பழைய ஸ்கூல் வேன வாங்கினாரு. மதுரை ஆனையூர்ல அவரு வீட்டுக்கு அடுத்த தெருவுல இம்மானுவேல்னு ஒருத்தரு சோபா, கட்டில் செய்யிற பட்டறை வச்சிருக்காரு. ரெண்டு பேருமாச் சேந்து அந்த வேன வீடாக்கினாக. மடக்கினா சோபா, விரிச்சாக் கட்டில். கேஸ் அடுப்பு. கை கழுவத் தொட்டி. மேல சோலார், உள்ள ஃபேனு. ஏறி இறங்கப் பின்னாடி ரெண்டு படி. அதுக்கு ஜெயபாண்டி வச்ச பேரு கேரவன்.

தெரு சனம் சும்மா இருக்குமா? ஒரு அம்மா ஏதோ முகாம் வண்டின்னு நெனச்சு ஆதார் அட்டையோட வந்து நின்னுருச்சு. அதப் பாத்து அதுக்குப் பின்னாடி நாலு பேரு நின்னாக. ஒரு பெரியவரு சட்டைக் கைய மடிச்சுவிட்டுக்கிட்டு நேரா உள்ள ஏறி, "பிரஷர் பாருங்க"ன்னு உக்காந்துட்டாரு. ஜெயபாண்டி சொல்லிப் பாத்தாரு, கெஞ்சிப் பாத்தாரு. கடைசியில அவரு கைய ரெண்டு நிமிசம் பிடிச்சிருந்துட்டு, "நார்மல்"னு சொல்லி அனுப்பி வச்சாரு. அந்தப் பெரியவரு இன்னைக்கும் கல்லுக் கணக்கா இருக்காரு. அதை விடுங்க.

வண்டிக்குள்ள பாண்டிச்செல்வி கேட்டது ரெண்டே ரெண்டுதான். ரெண்டு பக்கமும் தட்டுத்தட்டாப் பலகை. சன்னலுக்குக் கெட்டியா கறுப்புத் திரை.

"எதுக்கு இம்புட்டுப் பலகை?"

"மளிகைச் சாமான் வைக்க."

"கறுப்புத் திரை?"

"வடக்க வெயிலு கண்ணக் கூசுமாமே."

பொண்டாட்டியும் வடக்கப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சுருச்சுன்னு ஜெயபாண்டிக்கு மனசெல்லாம் குளுகுளுன்னு ஆயிருச்சு.

திரைக்குக் கம்பி அடிக்கிற அன்னைக்கு இம்மானுவேல் கேட்டாரு.

"அண்ணே, வடக்கன்னா எந்த ஊருண்ணே?"

"மதுரா."

"மதுரையில இருந்து மதுராவா? போர்டு மாத்துற வேலை மிச்சம்."

"அங்க ஹோலித் திருவிழா பாக்கணும் தம்பி. கலர்ப்பொடி தூவுவாக. பக்கத்துல பர்சானான்னு ஒரு ஊரு. அங்க பொம்பளைக எல்லாம் ஆளுக்கொரு கம்ப எடுத்துக்கிட்டு ஆம்பளைகள விரட்டி விரட்டி அடிப்பாகளாம். அதுதான் திருவிழாவே!"

இம்மானுவேல் சுத்தியலக் கீழ வச்சுட்டாரு.

"அடி வாங்க எதுக்குண்ணே அம்புட்டு தூரம் டீசலு?"

ஜெயபாண்டி அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாரு. குரலத் தணிச்சாரு.

"உனக்கு மட்டும் சொல்றேன். உங்கக்கா பிறந்த ஊரு மொச்சிக்குளத்துல ஏழு வருசத்துக்கப்புறம் இந்த மாசி காளியம்மன் பொங்கலு. கோயிலு வேலை நடந்ததால இத்தனை நாளு இல்லை. மூணாவது செவ்வாயில காப்புக் கட்டுறாக. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நான் வடக்க போயிட்டேன்னா?"

"ஏன், பொங்கலுக்குப் போனா என்ன? கறிச்சோறு போடுவாகளே."

"கறிச்சோறுக்கு முன்னாடி என் மச்சான் ஆண்டிச்சாமி இருக்கான். தோட்டத்துல போர் போட்ட கதைய ஆரம்பிப்பான். முதல் அடியில இருந்து ஆரம்பிப்பான். அறுநூத்தி நாப்பதாவது அடியிலதான் தண்ணி வரும். எனக்கு அம்பதாவது அடியிலயே கண்ணுல தண்ணி வந்துரும்."

"அதுக்காகவா?"

"போன தடவை மஞ்சத்தண்ணி ஊத்துற அன்னைக்கு என் மச்சினிச்சிக நாலு பேரும் சேந்து என்னைய மாட்டுத்தொட்டிக்குள்ளயே உக்கார வச்சுட்டாளுக. பத்து நாளு பஸ்ஸுல ஏறுனவன் எல்லாம், அண்ணே மஞ்சக்காமாலையான்னு கேட்டான்."

இதுல காப்புக் கட்டுன்னா என்னன்னு சொல்லிரணும். இல்லைன்னா அந்த மனுசன் எதுக்கு இம்புட்டுப் பயந்தாருன்னு விளங்காது. திருவிழாவுக்கு எட்டு நாளுக்கு முன்னாடி, மஞ்சக் கயித்துல மஞ்சத் துண்டக் கோத்து, கோயில்ல கையில கட்டிவிடுவாக. கட்டினவுக பொங்கல் முடியுற வரைக்கும் செருப்புப் போடக்கூடாது, கவிச்சி தொடக்கூடாது. முக்கியமா, பொழுது சாஞ்சா வீடு திரும்பிரணும், வேற எங்கயும் ராத்தங்கக் கூடாது. வெளியூர்ல இருந்து வந்து கட்டிக்கிட்டவுகளுக்கு அந்த ஊர்ல இருக்க சொந்தக்காரன் வீடுதான் வீடு.

அந்த ஊர்ல சோலைன்னு ஒருத்தன். காப்புக் கட்டின மூணாம் நாளே நாக்கு கேக்காம, கல்லுப்பட்டியில போயி பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டு அங்கேயே ஒரு சினேகிதன் வீட்டுல படுத்துட்டான். வயிறு பிடிச்சுக்கிச்சு. எட்டு நாளு எந்திரிக்கல. அம்மன் கோவம்னு ஊரு சொல்லுச்சு. சால்னாதான்னு டாக்டரு சொன்னாரு. ரெண்டுல எதுன்னு அவன் இன்னும் முடிவு பண்ணல. ஆனா அதுக்கப்புறம் அவன் பரோட்டாவப் பாத்தாலே கும்பிட்டுட்டுத்தான் திம்பான்.

சரி, கதைக்கு வாரேன். கிளம்புறதுக்கு ரெண்டு நாளு இருக்கறப்ப பாண்டிச்செல்வி மெதுவா ஆரம்பிச்சுச்சு.

"ஏங்க, இம்புட்டு தூரம் போறோம். எங்க காளியம்மாளுக்கு ஒரு சூடத்தக் கொளுத்திட்டு, வண்டிக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுப் போயிருவோமே. செவ்வாக்கிழமை, அம்மனுக்கு உகந்த நாளு. காலையில போனா மத்தியானம் இங்கிட்டுத் திரும்பிரலாம்."

ஜெயபாண்டி மனசுக்குள்ள கணக்குப் போட்டாரு. காப்புக்கு இன்னும் முழுசா ஒரு வாரம் இருக்கு. இப்பப் போயிட்டு வந்துட்டா, மாப்ள வரலைன்னு எவனும் பேச முடியாது. வந்தேனேன்னு சொல்லிறலாம். அவரு மூளைய நெனச்சு அவருக்கே ஒரு சிரிப்பு.

"சரி, உனக்காகத்தான்"னாரு, பெரிய மனசு பண்ணி.

"எனக்காகத்தாங்க"ன்னுச்சு பாண்டிச்செல்வி.

அப்படித்தான் வடக்க போற வண்டி தெக்க கிளம்புச்சு. ஆனையூர் வீட்டப் பூட்டிச் சாவிய இம்மானுவேல்ட்டக் குடுத்தாச்சு. அதே ரோடு, அதே வளைவு. திருமங்கலம் வந்ததும் ஜெயபாண்டிக்கு யோசிக்கவே நேரம் இல்லை, கை தானா ஒடிச்சு வண்டியப் பஸ் ஸ்டாண்டுக்குள்ள விட்டுருச்சு. பின்படியில ரெண்டு பேரு தொத்திக்கிட்டு, "கல்லுப்பட்டி நிக்குமா?"ன்னு கேட்டாக. ஒருத்தரு கையில உரச்சாக்கு வேற. இறக்கிவிட மனசு வரல. கல்லுப்பட்டியில இறக்கிவிட்டாரு. இறங்கினவரு, "சீட்டுக்குப் பதிலா கட்டில் போட்டது நல்லா இருக்குண்ணே, எல்லா வண்டியிலயும் போடச் சொல்லுங்க"ன்னுட்டுப் போனாரு.

மொச்சிக்குளத்துக்குள்ள நுழையிறப்பவே வேப்பிலைத் தோரணமும் மைக் செட்டுமா இருந்துச்சு.

"என்ன செல்வி, அடுத்த செவ்வாய்க்கு இன்னைக்கே தோரணமா?"

"ஏழு வருசம் கழிச்சு நடக்குதுல்ல. ஆசையில முன்கூட்டியே கட்டியிருப்பாக."

கோயில் முன்னால வண்டிய நிறுத்தினாரு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சாக. பூசாரி ஒரு தட்டு நிறைய மஞ்சக் கயிறோட வந்தாரு. ஜெயபாண்டி தூரப்பயணத்துக்குக் கட்டுற கயிறுன்னு நெனச்சுக்கிட்டாரு. கேக்காமலே கைய நீட்டினாரு.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க பூசாரி. ரெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டரு தாங்கணும்."

பூசாரி ஒரு முடிச்சுப் போட்டாரு.

"இன்னொரு முடிச்சுப் போடுங்க. அங்கெல்லாம் குளிரு வேற."

மூணு முடிச்சுப் போட்டாரு. ஜெயபாண்டிக்குத் திருப்தி.

"அப்படியே வண்டிக்கும் ஒண்ணு. ஸ்டீரிங்குல கட்டுங்க."

ஸ்டீரிங்குலயும் கட்டினாக. கட்டி முடிச்ச மறு நிமிசம் கொட்டுச் சத்தம் காதக் கிழிச்சுச்சு. பொம்பளைக எல்லாம் குலவை போட்டாக. மைக்குல ஒருத்தன் கத்துறான்:

"மொச்சிக்குளம் காளியம்மன் மாசிப் பொங்கல் காப்புக்கட்டு சீரும் சிறப்புமாக நடந்தேறியது. தாமாக முன்வந்து மூன்று முடிச்சோடு காப்புக் கட்டிக்கொண்ட மதுரை மாப்பிள்ளை ஜெயபாண்டி அவர்களை ஊரின் சார்பாக வருக வருக என வரவேற்கிறோம்!"

ஜெயபாண்டி கையப் பாத்தாரு. கயித்துல மஞ்சத் துண்டு தொங்குது. அதுக்குள்ள மச்சான் ஆண்டிச்சாமி ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

"மாப்ள! எம்புட்டுப் பக்தி மாப்ள உங்களுக்கு! வண்டிக்கே காப்புக் கட்டச் சொன்னீகளே!"

"மச்சான், மச்சான்... காப்பு மூணாவது செவ்வால்ல?"

"மாத்தியாச்சு மாப்ள. பிள்ளைகளுக்குப் பரீச்சை வருதுன்னு ஒரு வாரம் முன்னாடி தள்ளிட்டோம்."

ஜெயபாண்டி பொண்டாட்டி பக்கம் திரும்பினாரு.

"உனக்கு இது தெரியாதா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் வடக்க போற யோசனையிலல்ல இருந்தேன்."

மனுசன் வண்டிக்குள்ள போயி மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. செருப்ப வேற கழட்டி வாங்கிட்டாக. எட்டு நாளு. அதுக்குள்ள ஹோலி வந்துருமோன்னு ஒரு கவலை. மச்சான் வீட்டுல எட்டு நாளுன்னா எத்தனை அடி ஆழம் போகணுமோன்னு இன்னொரு கவலை. பாண்டிச்செல்வி ஒரு செம்புல மோரு கொண்டாந்து குடுத்துச்சு.

"பாவம் நீங்க. இந்த ஊர்ச் சட்டம் அப்படி. பொழுது சாஞ்சா வீடு திரும்பிரணும்னு வச்சுட்டாக. நமக்கு இப்ப இந்த வண்டிதான் வீடு. அதுக்காக வீட்டையே ஓட்டிக்கிட்டா போக முடியும்?"

சொல்லிட்டு அது செம்ப வாங்கிட்டு இறங்கிப் போயிருச்சு. ஜெயபாண்டி அப்படியே உக்காந்திருந்தாரு. கொஞ்ச நேரத்துல கண்ணு விரிஞ்சுச்சு. மீசை துடிச்சுச்சு. தொடையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சாரு.

"வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போனா என்ன?"

நேரா வேப்ப மரத்தடிக்குப் போனாரு. அங்க ஊர்ப் பெரியவரு உக்காந்திருந்தாரு. பேருதான் சின்னச்சாமி. அவரு எந்திரிச்சாத்தான் ஊரு எந்திரிக்கும். பாண்டிச்செல்விக்குச் சித்தப்பா முறை. சுத்திப் பத்திருபது ஆம்பளைக. கொஞ்சம் தள்ளிப் பொம்பளைக.

"மாமா, ஒரு நியாயம் கேக்க வந்தேன்."

"கேளுங்க மாப்ள."

"காப்புக் கட்டினவன் பொழுது சாஞ்சா வீட்டுக்குப் போயிரணும். அவ்வளவுதான சட்டம்?"

"அதான்."

"வெளியூர்க்காரனுக்கு ஏன் சொந்தக்காரன் வீடு? அவன் வீடு இங்க இல்லைங்கறதால. நான் வீட்டக் கையோட கொண்டு வந்திருக்கேன். அந்தா நிக்குது. அது மதுராவுல நின்னாலும் நான் என் வீட்டுலதான படுக்குறேன்?"

கூட்டத்துல ஒரு சலசலப்பு. சின்னச்சாமி வெத்தலைய மடிச்சு வாயில போட்டு, மெதுவா மென்னாரு.

"வீடுன்னா அடுப்பு இருக்கணுமே."

"ரெண்டு பர்னரு இருக்கு மாமா."

"வாசப்படி?"

"ஒண்ணுக்கு ரெண்டு படி."

"சாமி படம்?"

"காளியம்மா, முருகன், வேளாங்கண்ணி மாதா. மாதா படம் இம்மானுவேல் குடுத்தது."

"வீட்டுல அதிகாரம் பண்ண ஆளு?"

"அந்தா நிக்கிறா."

சின்னச்சாமி துப்பிட்டு வந்து உக்காந்தாரு.

"எல்லாம் சரியாத்தான்யா இருக்கு. அது வீடுதான். ஊரு ஒத்துக்கிருதா?"

"ஒத்துக்கிருது!"ன்னு அம்புட்டுப் பேரும் சொன்னாக. ஆண்டிச்சாமிக்கு மட்டும் மொகம் வாடிப்போச்சு. ஜெயபாண்டி நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சட்டைப் பைக்குள்ள சாவியத் தேடினாரு. அப்பத்தான் பொம்பளைக பக்கத்துல இருந்து ஒரு சத்தம்.

"சித்தப்பா, ஊரு அத வீடுன்னு சொல்லிருச்சுல்ல?"

பாண்டிச்செல்விதான்.

"சொல்லியாச்சுத்தா."

"முளைப்பாரி வைக்கிற பெரியவீட்டு ஓடு ஐப்பசி மழையில இறங்கிப்போச்சுன்னு, வேற இருட்டு வீடு இல்லாம காலையில இருந்து நம்ம பொம்பளைக அலையுறாக. நல்லாக் கறுப்புத் திரை போட்ட வீடு ஒண்ணு ஊருக்குள்ளயே இருக்கறப்ப நாம ஏன் அலையணும்?"

பொம்பளைக போட்டாக பாருங்க ஒரு குலவை, வேப்ப மரத்துக் காக்கா எல்லாம் பேரையூருக்குப் பறந்துருச்சு.

முளைப்பாரின்னா, சட்டியில நவதானியத்த விதைச்சு, வெயிலு படாம இருட்டுக்குள்ள எட்டு நாளு வளத்து, பொங்கலன்னைக்குத் தலையில தூக்கிட்டுப் போயிக் குளத்துல விடுறது. சட்டி இருக்க வீட்டுக்குள்ள ஆம்பளை காலு வைக்கக் கூடாது. அசைக்கவும் கூடாது, பயிரு சாஞ்சுரும். அரை மணி நேரத்துல இருபத்தி நாலு சட்டி வண்டிக்குள்ள ஏறிருச்சு. ரெண்டு பக்கப் பலகையிலயும் பன்னெண்டு பன்னெண்டா, இடிக்காம, இடைவெளி விடாம உக்காந்துருச்சு.

ஜெயபாண்டி பின்படியில காலு வச்சாரு.

"ஆம்பளை வரக்கூடாது!"ன்னு உள்ள இருந்து நாலு மச்சினிச்சிகளும் ஒண்ணாக் கத்துனாளுக.

"ஏ, இது என் வண்டி!"

"வண்டின்னா வரலாம் மச்சான். வீடுன்னு நீங்கதான சொன்னீக!"

சன்னல் வழியா அவரு தலகாணி வெளிய வந்துச்சு. பின்னாடியே ஒரு போர்வை. அப்புறம் சர்ருன்னு கறுப்புத் திரை.

அந்நேரம் பாத்து இம்மானுவேல் போன்ல வந்தாரு.

"அண்ணே, எது வரைக்கும் போயிருக்கீக? திண்டுக்கல் தாண்டியாச்சா?"

"தாண்டல."

"சரிண்ணே, பலகை அளவு சரியா வந்துச்சான்னு அக்காட்டக் கேளுங்க. அது ஒரு மண்சட்டியக் குடுத்து, இது இடிக்காம உக்காரணும்னு சொல்லிச்சு. அது என்ன மளிகைச் சட்டிண்ணே, அவ்வளவு பெருசு?"

ஜெயபாண்டி போன வச்சுட்டாரு. பாண்டிச்செல்வியப் பாத்தாரு. அது வானத்துல மேகம் எதுவும் இருக்கான்னு பாத்துக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் என்ன, எட்டு நாளு மச்சான் வீட்டுல பாய்தான். முதல் நாளு அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ரெண்டாம் நாளு சாயங்காலம் ஆண்டிச்சாமி பக்கத்துல வந்து உக்காந்து, தொண்டையச் செருமிட்டு ஆரம்பிச்சாரு. ஜெயபாண்டிக்கு ஓட வழியில்லை. செருப்பு இல்லாத காலு, வெளிய நெருஞ்சி முள்ளு. கேட்டாரு. எண்பதாவது அடி தாண்டுச்சு, கண்ணுல தண்ணி வரல. எரநூத்துப் பத்துல பாறை வந்துச்சு. "பாறை எம்புட்டு கனம் மச்சான்?"னு அவரு வாயே கேட்டுருச்சு. ஆண்டிச்சாமி இன்னும் கிட்ட நகந்து உக்காந்தாரு. பாறை என்ன கனம்னு இதுவரைக்கும் ஒரு பய கேட்டதில்லையாம். மூணாம் நாளு ரெண்டு பேரும் தோட்டத்துக்கே போயி அந்தப் போரப் பாத்துட்டு, இளநி குடிச்சுட்டு வந்தாக.

இன்னொண்ணும் நடந்துச்சு. ஊரு சனம் ஒவ்வொண்ணா வந்து அவரப் பாக்க ஆரம்பிச்சுச்சு.

"பேரையூர் வண்டி டிரைவரண்ணே நீங்கதான? உங்க முதுகத்தான் பாத்திருக்கோம். மொகத்த இப்பத்தான் பாக்குறோம்."

அவருக்கும் அப்படித்தான. முப்பத்தோரு வருசமா ரோட்டத்தான் பாத்தாரு. ஏறுன சனத்தக் கண்ணாடியில பாத்ததோட சரி. ஒரு பொண்ணு கைப்பிள்ளையோட வந்து, "காலேசு போறப்ப நான் ஓடி வாரதக் கண்ணாடியில பாத்துட்டு நிப்பாட்டுவீகளே மாமா, அது நாந்தான்"னு சொல்லிட்டு ஒரு சீப்புப் பழம் குடுத்துட்டுப் போச்சு. கையக் காட்டினா நிக்க மாட்டாருன்னு வீட்டுல இருக்க ஆளு பேசுற பேச்செல்லாம் எவ்வளவு அநியாயம் பாருங்க. ஜெயபாண்டி அந்தப் பழத்த வேற யாருக்கும் குடுக்காம அவரே தின்னாரு.

அஞ்சாம் நாளு அவருதான் ஊருக்குள்ள டிராக்டரு, ஆட்டோ, மினி பஸ்ஸுக்கெல்லாம் விசிலடிச்சு வழி விட்டுக்கிட்டிருந்தாரு. சாயங்காலம் வண்டியச் சுத்திப் பொம்பளைக கும்மி கொட்டினாக. வண்டியச் சுத்தியே ஒரு திருவிழா. மதுராவுல கூட யாரும் அவரு வண்டியச் சுத்திக் கும்மி கொட்டியிருக்க மாட்டாக.

பொங்கலன்னைக்குச் சாயங்காலம் பின்கதவத் தொறந்தாக. பயிரு வெளிறின மஞ்சள்ல முழங்கை உசரம், தளதளன்னு. முதல்ல இறங்கினது பாண்டிச்செல்விதான், தலையில முளைப்பாரியோட. படியில ஒரு நிமிசம் நின்னுச்சு. ஆண்டிச்சாமி ஜெயபாண்டி காதுகிட்டச் சொன்னாரு.

"கல்யாணத்துக்கப்புறம் அது எங்க வீட்டு ஆளாத்தான் மாப்ள முளைப்பாரி தூக்கும். அதுவும் எங்க வீட்டுக்காரி தூக்குனதுக்கப்புறம், கடைசியில. கட்டிக் குடுத்த பொண்ணுக்கு ஊர்ல வாசல் ஏது? இந்தத் தடவைதான் சொந்த வாசப்படியில இருந்து முதல் ஆளா இறங்குது."

அந்த ரெண்டு படிய ஜெயபாண்டி அவரு கையாலதான் வெல்டிங் வச்சாரு. ஆடுதான்னு பாத்தாரு. ஆடல. கூட்டத்த விலக்கி, விசிலடிச்சு, பொண்டாட்டிக்குக் குளத்து வரைக்கும் வழி விட்டுக்கிட்டே முன்னால போனாரு. யாரும் போகச் சொல்லல.

மறுநாளு மஞ்சத்தண்ணி. தொட்டிக்குள்ள அவரே போயி உக்காந்துட்டாரு. மச்சினிச்சிகளுக்குத்தான் சப்புன்னு போச்சு, "ஓடாத மாப்ளைக்கு ஊத்துறதுல என்ன இருக்கு"ன்னுட்டாளுக.

வியாழக்கிழமை விடிகாலையில காப்ப அவுத்தாச்சு. வண்டியக் கழுவி, சட்டி இருந்த எடமெல்லாம் தொடச்சு, ஹோலிக்கு இன்னும் நாளு இருக்குன்னு காலண்டரப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டுக் கிளம்பினாக. ஊரே எல்லை வரைக்கும் வந்துச்சு. கட்டுச்சோறு, முறுக்கு, ஒரு தூக்கு நிறைய கறிக்குழம்பு. ஆண்டிச்சாமி கண்ணத் தொடச்சுக்கிட்டு, "ரெண்டாவது போர் போடப் போறேன் மாப்ள, நீங்க கூட இருக்கணும்"னாரு. ஜெயபாண்டியும், "நான் இல்லாம ஆரம்பிக்காதீக மச்சான்"னுட்டாரு.

திருமங்கலத்துல கையக் கட்டுப்படுத்திக்கிட்டு நேரா விட்டாரு. மதுரையத் தாண்டியாச்சு. வாடிப்பட்டியும் தாண்டியாச்சு. நாலு வழிச் சாலை வடக்க பாத்து நீளமாக் கெடந்துச்சு. திரும்ப வேண்டாத ரோடு. ஜெயபாண்டிக்கு வாயில பாட்டு வந்துருச்சு. என்ன இருந்தாலும் மனுசன் ஜெயிச்சுட்டாரு. ஒம்பது நாளு பிந்தினா என்ன, வண்டி வடக்கதான போகுது? அவரு வச்ச தேதியில கிளம்புச்சு, அவரு சொன்ன ஊருக்குப் போகுது.

பக்கத்துச் சீட்டுல பாண்டிச்செல்வி போன்ல பேசிக்கிட்டு வந்துச்சு. பேச்ச நிறுத்திட்டு, போனக் கையால பொத்திக்கிட்டு இவரு பக்கம் திரும்புச்சு.

"ஏங்க, சித்தப்பா லைன்ல இருக்காரு. அடுத்த வருசமும் நீங்க வடக்க கிளம்புற தேதிய இந்த வருசம் மாதிரியே முன்கூட்டியே சொல்லிரணுமாம். அதப் பாத்துத்தான் காப்புக்கு நாளு குறிக்கணுமாம்."